சொல்லக் கூசும் தொல்லை: இடுப்படித் தசைப் பயிற்சி எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது?



சென்ற ஆண்டு பூச்சோங்கில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பூச்சோங் என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு ஈயக் குட்டைகளும் ரப்பர் மரங்களும்தாம் நினைவுக்கு வரும். கின்றாரா தோட்டம் இருந்த மண்ணில் இன்று பண்டார் கின்றாரா நிற்கிறது. 2016-ஆம் ஆண்டிலிருந்து பூச்சோங் முழுவதும் எல்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. லயத்து வீட்டில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள்.

வளைகாப்பு வீட்டில் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. பெண்ணின் தாயார் மட்டும் குளியலறைப் பக்கத்து நாற்காலியை விட்டு அகலவில்லை. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம் என்றார். தண்ணீராவது குடியுங்களேன் என்றேன்; அதற்கும் கையை அசைத்துவிட்டார். யாரோ ஒரு வேடிக்கை சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு தொடைகளை இறுக்கிக்கொண்டார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பந்தி முடிந்ததும் பின்கட்டில் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். தைப்பூசத்திற்குப் பத்துமலை வருவீர்களா என்று கேட்டதுதான் தாமதம், கண் கலங்கிவிட்டது.

"பத்துமலைக்குப் போயி ஏழு வருசமாச்சு, தங்கச்சி. தும்முனா, இருமுனா, கொஞ்சம் சிரிச்சா நனைஞ்சு போவுது. ஈரத் துணியோட சாமி முன்னாடி எப்படி நிக்கிறது? பஸ் ஏறவே பயமா இருக்கு. யாருகிட்ட சொல்றது?"

பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டாவாளியில் பால் சுமந்தவர். நான்கு பிள்ளைகள். பிறகு செம்பனைக் காட்டில் உர மூட்டை தூக்கியவர். உடல் தேய உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய அந்தத் தாய், சொந்த மகளின் வளைகாப்பில் வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய ஒரு பயிற்சியை ஆறு மாதம் விடாமல் செய்தாராம். "குறையல, தங்கச்சி. கூடத்தான் கூடுச்சு. நம்ம விதி அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மலம் கழிக்க முக்குவதுபோல் கீழ்நோக்கி முக்கிக் காட்டினார். ஆறு மாதமாகத் தாம் குணமாக்க நினைத்த இடத்தையே அவர் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்!

ஆகவேதான் இம்மாதம் இந்தப் பகுதியை எழுதுகிறேன். படிக்கக் கூச்சமாக இருந்தால் தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஆனால் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

தூளி போன்ற ஒரு தசை

தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். விட்டத்தில் சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். குழந்தையின் பாரத்தைத் துணி தாங்கும். நம் இடுப்புக் கூட்டின் அடியிலும் அப்படி ஒரு தூளி இருக்கிறது. முன்பக்கம் இருக்கும் எலும்பிலிருந்து பின்பக்கம் முதுகெலும்பின் வால் நுனி வரை விரிந்திருக்கும் தசை அது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவே தாங்குகிறது. மூத்திரத் துவாரத்தையும் மலத்துவாரத்தையும் இறுக்கிப் பிடிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. இதைத்தான் டாக்டர்கள் 'பெல்விக் ஃப்ளோர்' என்கிறார்கள். நாம் இடுப்படித் தசை என்போம்.

பிள்ளைப்பேற்றின்போது இந்தத் தசை மிகவும் இழுபடுகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. மாதவிலக்கு நின்ற வயது, உடல் பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வருடக்கணக்கான பாரச்சுமை ஆகியவை அதை மேலும் தளர்த்துகின்றன. தூளி தொய்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது. சிலருக்குக் கருப்பையோ மூத்திரப்பையோ கீழே இறங்குகிறது. அடி இறங்கிவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கிவரும் ருவ்செக் என்னும் கிராமப் பெண்கள் அமைப்பு, கருப்பை இறக்கம் கண்ட பெண்களிடம் பேசி ஓர் ஆய்வு நடத்தியது. அது 1999-இல் வெளிவந்தது. பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே கடினமான வேலைக்குத் திரும்பியது, பிறகு ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டது என்று அவர்கள் சொன்னவை நம் தோட்டத்துக் கதைகளைப் போலவே இருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாரம், ஒரே மௌனம்!

பயிற்சி வந்த வழி

நம் யோகிகள் மூலபந்தம் என்ற பெயரில் இத்தசையைச் சுருக்கி மேலே இழுக்கும் பழக்கத்தை நெடுங்காலமாக வைத்திருந்தார்கள். மேல்நாட்டில் 1936-இல் மார்கரெட் மோரிஸ் என்ற ஆங்கிலேய நடன ஆசிரியை, இத்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பற்றி எழுதினார். 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் எழுதிய கட்டுரைதான் உலகெங்கும் பரவியது. அவர் பெயரையே பயிற்சிக்கு வைத்துவிட்டார்கள்.

கீகல் வாயால் மட்டும் சொல்லி அனுப்பியவரல்லர். தசை எவ்வளவு இறுகுகிறது என்று பெண்ணே பார்க்கும்படி அளவு காட்டும் கருவி ஒன்றைச் செய்து, சரியாகச் செய்கிறாளா என்று சோதித்தபின்பே வீட்டில் செய்யச் சொன்னார். நாளடைவில் அவர் பெயர் நிலைத்தது. அந்தச் சோதனை பல இடங்களில் மறைந்துபோனது. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். நால்வரில் ஒருவர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக் கூடியதாக இருந்தது. பூச்சோங் அக்காள் அந்த நால்வரில் ஒருவர். அது அவர் விதியல்ல. சொல்லிக்கொடுத்த முறையில் இருந்த குறை.

செய்யும் முறை

முதலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். சபையில் இருக்கும்போது காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படிப் பின்பக்கத்தைச் சுருக்குங்கள். கூடவே சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்பக்கத்தையும் சுருக்குங்கள். இரண்டும் சேர்ந்து உள்ளே, மேலே ஏற வேண்டும். கீழே தள்ளுவதுபோல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

மூச்சு சீராக ஓட வேண்டும். வயிற்றின் மேற்பகுதி, பிட்டம், தொடை எதுவும் இறுகக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் பயிற்சி செய்வதே தெரியக் கூடாது. அதுதான் சரியாகச் செய்வதற்கு அடையாளம்.

சுருக்கியபடி ஐந்து எண்ணுங்கள். பிறகு முழுவதுமாகத் தளர்த்தி ஐந்து எண்ணுங்கள். தளர்த்துவதும் பயிற்சியே என்பதை மறக்க வேண்டாம். இப்படி எட்டு முதல் பத்து முறை. அடுத்து, சட்டென்று சுருக்கிச் சட்டென்று விடுவது பத்து முறை. காலை பசியாறுமுன், மதியம், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை. பழகப் பழக ஐந்து எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தலாம். படுத்துச் செய்ததை உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம்.

இன்னொரு சிறு உபாயமும் உண்டு. தும்மல் வரப்போகிறது, அரிசி மூட்டையைத் தூக்கப்போகிறோம் என்று தெரிந்தவுடன், அதற்கு ஒரு நொடி முன்னதாகவே தசையைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இது பழகிவிட்டால் பெரிய துணை.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யும் வழக்கம் வேண்டாம். மூத்திரப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதும் தவறு. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் உண்டாகும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

நன்மை எவ்வளவு?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் என்ற அமைப்பு, 2018-இல் 31 ஆய்வுகளை, 1,817 பெண்களைப் பற்றிய விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. இருமல் தும்மலில் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 56 பேர் குணமாகிவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 6 பேர்தாம். குணமோ முன்னேற்றமோ கண்டவர்கள் என்று பார்த்தால் 74-க்கு 11. கத்தியும் மருந்தும் இல்லாத ஒரு வைத்தியத்திற்கு இது பெரிய பலன்.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒழுங்காகச் செய்தும் நூற்றுக்கு 44 பேர் முழுக் குணம் காணவில்லை. அவர்களெல்லாம் சோம்பேறிகளா? இல்லை. தசை அறுந்திருக்கலாம், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், நோயே வேறாக இருக்கலாம். ஆகவே பலன் கிடைக்கவில்லை என்றால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

பலன் ஒரு வாரத்தில் வராது. குறைந்தது மூன்று மாதம் செய்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டால் பலனும் மெல்லக் குறையும்.

கருவுற்ற பெண்களுக்கு ஒரு நற்செய்தி. கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தால், பிரசவம் நெருங்கும் மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ அறுபது விழுக்காடு குறைகிறது என்று 2020-இல் வெளியான கோக்ரேன் தொகுப்புக் கூறுகிறது. பிள்ளை பெற்றபின் வயிற்றில் துணி கட்டுவதும் பத்தியம் இருப்பதும் நம் வழக்கம். இருக்கட்டும். ஆனால் துணி கட்டுவதால் இந்தத் தசை பலப்படாது. சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்தபின், வலி இல்லாத அளவுக்கு மெல்லத் தொடங்கலாம். தையல் அதிகம் போட்டவர்கள் தாதியைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 98 நாளாகிவிட்டது. பயிற்சிக்கு வேண்டிய மூன்று மாதமும் அதற்குள் அடங்கிவிடுகிறது!

எங்கே இது போதாது?

சகோதரிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதலாவது, அவசரக் கசிவு. குளியலறைக் கதவைத் திறப்பதற்குள் ஓடிவிடும் வகை இது. பயிற்சி ஓரளவு உதவும். அதோடு போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக வேண்டும். தேநீரையும் காப்பியையும் குறைக்க வேண்டும். மருந்தும் தேவைப்படலாம்.

இரண்டாவது, கருப்பை இறக்கம். 447 பெண்களைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தனித்தனியே கற்றுக்கொடுத்துப் பயிற்சி செய்தவர்களுக்குக் கனமும் இழுப்பும் குறைந்தன. ஆனால் வெளியே தொங்கும் கருப்பையைப் பயிற்சி மேலே ஏற்றிவிடாது. அதற்கு உள்ளே பொருத்தும் வளையம் உண்டு. அறுவைச் சிகிச்சையும் உண்டு.

மூன்றாவது, ஏற்கெனவே இறுகிப்போன தசை. இடுப்படியில் ஓயாத வலி, தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்கவே சிரமம் என்றிருந்தால் தசை தளராமல் இறுகியிருக்கலாம். இவர்கள் மேலும் மேலும் சுருக்கினால் வலி கூடும். இவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை.

நான்காவது, வேறு நோய்கள். இனிப்புநீர் முற்றினாலும் அடிக்கடி சிறுநீர் போகும். மூத்திரக் குழாயில் கிருமி புகுந்தாலும் அடக்க முடியாமல் போகும். மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதிக்காமல் பயிற்சியை மட்டும் செய்துகொண்டிருப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போலாகும்.

கீழ்க்கண்டவை இருந்தால் பயிற்சியால் தீரும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்: சிறுநீரில் இரத்தம், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, இரவு பகல் விடாத ஒழுக்கு. சிறுநீர் அறவே போகாமை, கால் பலவீனத்தோடு தொடைகளின் நடுவே மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விலை உயர்ந்த கருவிகளை விற்க வருவோரிடமும் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் 600 பெண்களைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், முறையாகக் கற்றுச் செய்தவர்களுக்கு, தசையின் இறுக்கத்தைக் காட்டும் கருவியையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் காணப்படவில்லை. கீகலின் காலத்தில் கருவி செய்த வேலையைத் தேர்ந்த தாதியோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ செய்துவிட முடியும். பணத்தை அதில் போடுவதைவிட, பருமனானவர்கள் எடையைச் சற்றுக் குறைப்பது மேல். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் எடையில் எட்டு விழுக்காடு குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

வாய் திறக்க வேண்டும்

அந்தப் பூச்சோங் அக்காளிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "நாளைக்கே கிளினிக்குக்குப் போங்க அக்கா, மருமகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். "மருமககிட்டயா?" என்று திகைத்தார். மாமியாரைவிட மருமகள்தான் அதிகத் தைரியசாலியாக இருந்தாள். "ஏன் அத்தை இத்தனை நாளா சொல்லல?" என்று கோபித்துக்கொண்டு, மறுவாரமே காரில் ஏற்றிப் போனாள்.

அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. "மூத்திரம் கசியுது" என்று மூன்று வார்த்தை... இல்லை, இரண்டே வார்த்தை சொன்னால் போதும். மற்றதை அவர்கள் கேட்பார்கள்.

அக்காளைச் சோதித்ததில், இனிப்புநீரும் இருந்தது. கருப்பையும் சற்று இறங்கியிருந்தது. இனிப்புநீருக்கு மாத்திரை கொடுத்தார்கள். கருப்பைக்கு வளையம் பொருத்தினார்கள். குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும். பயிற்சியைத் தாதி ஒருவர் தொட்டுச் சோதித்துக் கற்றுக்கொடுத்தார். தான் இத்தனை நாளாகத் தள்ளிக்கொண்டிருந்ததை அன்றுதான் அக்காள் உணர்ந்தார். மகளும் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பேசினேன். முழுவதும் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "முழுசா இல்ல, தங்கச்சி. சளி பிடிச்சு இருமுனா கொஞ்சம் உண்டு. ஆனா தண்ணி குடிக்கிறேன். பஸ்ஸில போறேன்" என்றார்.

இவ்வாண்டு தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் அவரைப் பேரக்குழந்தையோடு பார்த்தேன். 272 படியும் ஏறினீர்களா என்று ஆவலாகக் கேட்டேன். முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"முட்டிக்கு அந்தப் பயிற்சி ஒண்ணும் செய்யாதாமே!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடியும்வரை தொடையை இறுக்கவில்லை, வாயைப் பொத்தவுமில்லை.

இதைப் படிக்கும் சகோதரி, உங்கள் வீட்டிலும் தண்ணீர் வேண்டாம் என்று மறுக்கும் ஓர் அம்மாவோ அத்தையோ இருக்கலாம். இன்று இரவு பாத்திரம் கழுவி முடித்தபின் மெல்லக் கேட்டுப் பாருங்கள். சொல்லக் கூசுகிறவருக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும்.